என் நாவலில் புகுந்துகொண்ட அரசி

ஞாபகசக்தி உள்ளவர்களை நம்பலாம். தங்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று தாங்களே சொல்லிக்கொள்கிறவர்களை மட்டும் நம்பவே கூடாது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அப்படிச் சொல்லிக்கொண்டு பல வருடம் திரிந்தவள் நானேதான். மூன்று வயதில் நான் போட்டிருந்த கவுனில் எத்தனை பித்தான் என்று கேட்டால்கூடச் சொல்வேன். (சரிபார்க்க அந்தக் கவுன் இப்போது யாரிடமும் இல்லை. அதுதான் என் தைரியம்.)

இந்தத் தைரியத்தை மூலதனமாக வைத்து ஒரு நாவலே எழுதி, ராமநாதபுரத்தில் ஒரு மண்டபம் பிடித்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டி வெளியிட்டேன். அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

கதை தொடங்குவது 'தூரக்கோள்' என்ற தொலைக்காட்சித் தொடரில். நான் கீழக்கரையில் ஆரம்பப் பள்ளி படித்துக்கொண்டிருந்தபோது பதின்மூன்று வாரம் ஓடிய தொடர். கேப்டன் ஆதவன் என்பவர் விண்கலத்தில் ஏறி, பெயர் தெரியாத ஒரு கோளுக்குப் போய்ச் சிக்கிக்கொள்வார். விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒட்டியிருப்பார்கள். எண்ணெய் டின்னுக்குக் கை கால் முளைத்த மாதிரி ஒரு எந்திர மனிதன் வருவான். அவன் கண் அணைந்து அணைந்து எரியும். எங்களுக்கு இட்லித் தட்டும் தெரியும், எண்ணெய் டின்னும் தெரியும். ஆனாலும் மூச்சுவிடாமல் பார்த்தோம்.

பல வருடம் கழித்து மதுரையிலிருந்து கதிரேசன் என்ற பதிப்பாளர் இந்தத் தொடரைத் தேடிக் கிளம்பினார். அவரும் சிறுவயதில் அதைப் பார்த்துப் பைத்தியமானவர், ஆனால் பாதிக்கு மேல் மறந்துவிட்டவர். நாடாக்கள் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்தில் ஒளிபரப்பு முடிந்ததும் அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்களாம். தொடரை எழுதி இயக்கிய வேதமூர்த்தி சார் எண்பதைத் தாண்டிச் சென்னையில் இருந்தார். அவரிடம் முதல் சில வாரங்களின் வசனப் பிரதி மட்டும் இருந்தது. மீதி, வீடு மாறியதில் போய்விட்டது. அவருக்கே கதை சரியாக நினைவில்லை. "நூத்துக்கணக்கா எழுதிட்டேன், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கிடக்கு" என்றாராம்.

தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்து நினைவு வைத்திருக்கும் யாராவது கிடைத்தால் அதை நாவலாகக் கொண்டுவரலாம் என்று கதிரேசன் ஒரு வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். அது சுற்றிச் சுற்றி என் பள்ளி ஆசிரியர் குழுவுக்கு வந்தது. நான் இயற்பியல் ஆசிரியை. அதுவரை நான் எழுதியவை மாதாந்திரத் தேர்வு வினாத்தாளும், தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதமும்தான். ஆனால் என்றாவது ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. அன்றே அவருக்குப் போன் செய்தேன்.

"பதின்மூணு வாரமும் பாத்தீங்களா மேடம்?"

"ஒரு வாரம் விடல."

"வரிசையா சொல்ல முடியுமா?"

"வசனத்தோட சொல்வேன் சார்."

(எனக்கு அடக்கம் என்ற ஒன்றை யாரும் கற்றுத் தரவில்லை.)

இங்கே எங்கள் வீட்டு டிவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாப்பா சவுதியில் இருந்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது கலர் டிவி கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் கலர் டிவி. 'தூரக்கோள்' வரும் நேரத்துக்குத் தெருப் பிள்ளைகள், சில பெரிய மனிதர்கள், திருப்புல்லாணியிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் முருகேசன் என்ற என் வகுப்புப் பையன் உட்பட எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். உம்மாவும் அக்கம்பக்கத்து மாமிமாரும் லாத்தாமாரும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே தொங்கும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். திரைக்கு முன்னால் சத்தம் அதிகம். பின்னால் எப்போதும் குசுகுசுதான்.

மொட்டைமாடியில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா. மேற்கே கொடைக்கானல் பக்கம் பார்த்தபடி நிற்கும். ஒரு பக்கம் சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டியிருக்கும். இன்னொரு பக்கத்திலிருந்து நீல நைலான் கயிறு ஒன்று முற்றத்து வழியாக இறங்கி அடுப்படி ஜன்னல் கம்பியில் முடிந்திருக்கும். கம்பம் காற்றில் ஆடாமல் இருக்க என்பார் உம்மா. தொடர் தொடங்கிச் சில வாரத்தில் கச்சான் காற்று அடிக்கும் பருவம் வந்தது. கடற்கரை மணல் ஊருக்குள் வந்து சோற்றில் விழும் காற்று அது. அதன்பின் ஒவ்வொரு வாரமும் கதையின் நடுவில் படம் ஒரு தடவை கலங்கும், மழை பெய்யும், பிறகு தெளியும்.

தெளிந்தால் கோளின் இன்னொரு பகுதி வரும்.

அங்கேதான் அரசி இருப்பாள். நெடுநெடுவென்று வளர்ந்த, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண். இடுப்பைச் சுற்றிச் சேலையில் கொசுவம் கொசுவமாக ஒரு விசிறி மடிப்பு. பெரிய வீடு, பின்னால் கிணறு. வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருக்கும் ஒரு கிழவி. அரசியோடு ஒரு மனிதன் இருந்தான். அவன் ஒரு வாரம் குடையும் பெட்டியுமாகச் சிவப்புப் பஸ்ஸில் ஏறிப் போனான். போனவன் வரவில்லை. அதன்பின் அரசி கிணற்றடியில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் அவளை 'அக்கே, அக்கே' என்பார்கள். பேசும் மொழி ஒரு வார்த்தை புரியாது. வேற்றுக் கோள்வாசிகள் பேசுவது நமக்கு எப்படிப் புரியும்? அந்த அளவுக்கு நியாயம் எங்களுக்கும் தெரிந்திருந்தது.

"அங்க எப்படிடி பஸ் வந்துச்சு?" என்று முருகேசன் ஒரு தடவை கேட்டான்.

"நம்ம பஸ்ஸப் பாத்து அவங்க செஞ்சிருக்காங்க" என்று நான் விளக்கம் கொடுத்தேன். (பிற்காலத்தில் ஆசிரியை ஆவதற்கான எல்லா அறிகுறியும் அன்றே இருந்திருக்கிறது.)

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கேப்டன் ஆதவனைக் கேட்டுக் கத்த ஆரம்பிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து, "செத்தப் பொறுங்கப்பா, காத்து நின்னா தானா வரும்" என்று குரல் வரும். பொறுக்க முடியாமல் என் அண்ணன், சாகுல் காக்கா, எழுந்து முற்றத்துப் படி வழியாக மாடிக்கு ஓடுவார். அவர் கை ஆன்டெனாவில் படுவதற்குள் இங்கே கேப்டன் வந்துவிடுவார். "வந்துருச்சு காக்கா!" என்று ஊரே கத்தும். மீசை முளைக்காத அந்த வயதிலேயே காக்கா மாடிப்படியில் தளபதி மாதிரி இறங்கி வருவார். சாகுல் கை பட்டால் படம் வரும் என்று தெருவில் பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தே அவர் ஆன்டெனா கட்டப் போனார். பிறகு கேபிள் இழுத்தார், பிறகு டிஷ் மாட்டினார். இன்று கீழக்கரையில் கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறார். "நமக்கு இது கைராசி" என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

அரசிக்கு ஒரு போர் முழக்கம்கூட உண்டு. வாசலில் நின்று கையை உயர்த்தி, 'பத் கன்ன!' என்று கூப்பிடுவாள். உடனே நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வருவார்கள். தெருவில் சண்டை விளையாட்டு விளையாடும்போது நாங்களும் அப்படித்தான் கத்திக்கொண்டு எதிரிமேல் பாய்வோம். நாங்கள் கத்தும் போதெல்லாம் உம்மா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வைப்பார். நமக்குப் பசி என்று உம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் நாவலில் எழுதினேன். அரசி வந்தபின் கேப்டன் ஆதவனுக்கு ஒரு அத்தியாயம் என்றால் அரசி அக்கேவுக்கு ஒன்று. பஸ்ஸுக்குச் 'செந்நிற ஊர்தி' என்று பெயர் வைத்தேன். இடுப்பு மடிப்பில் அவள் சூரிய சக்தியைச் சேமிக்கிறாள் என்று இயற்பியலையும் கலந்தேன். கடைசியில் தூரக்கோள் மொழி அகராதி என்று இரண்டு பக்கம். 'பத் கன்ன: எதிரியை அழியுங்கள்.' அச்சில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுக் கதிரேசன் போன் செய்தார். "மேடம், உண்மையச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கேப்டன் வர்ற இடமெல்லாம் சுமார்தான். ஆனா அந்த அரசி இருக்கே, கண்ணு கலங்கிருச்சு. எனக்கு அரசியே ஞாபகம் இல்லையேன்னு வெக்கமாப் போச்சு." அவர் வளர்ந்தது கடலிலிருந்து வெகுதூரத்தில், மேலூர் பக்கம். அந்த விவரத்தை அப்போது நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வேதமூர்த்தி சாருக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் அவர் மகள் முதல் சில அத்தியாயங்களை வாசித்துக் காட்டியிருக்கிறார். வசனப் பிரதி இருந்த பகுதி அது. அரசி வருவதற்கு முந்தைய பகுதி. நன்றாக இருக்கிறது, அச்சிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வெளியீட்டு விழாவுக்குத் தானே வருவதாகவும் சொன்னார்.

விழா அன்று காலையில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, ஒல்லியான உடம்பு. என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன்மா, சிரிக்கக் கூடாது. நான் எடுத்தத நானே பாத்ததில்ல. இந்த வாரம் ஓடுறப்ப அடுத்த வாரத்துக்கு எழுதிட்டிருப்பேன். அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன், நாடாவே போயிருச்சு. இன்னைக்கு நீ வாசி, நான் பாக்குறேன்."

அப்போது எனக்குப் பெருமையில் கால் தரையில் படவில்லை. இந்த மனிதர் தன் வாழ்க்கையில் தொலைத்த ஒன்றை நான் கையில் எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். என்னைத் தவிர யாராலும் முடியாது என்றும் நினைத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் எழுபதைத் தாண்டிய உம்மா. கூடவே அந்தக் காலத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாமிமார், லாத்தாமார். ஆண்கள் பக்கம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் எல்லோரும், இப்போது வழுக்கையும் தொப்பையுமாக. முருகேசன் குடும்பத்தோடு வந்திருந்தான். காக்கா மண்டபத்தின் கடைசியில் கேமரா மாட்டி, விழாவைத் துபாயில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. நேராக அரசியிடம் போனேன்.

"'ஊதா நட்சத்திரங்களின் ஒளியில் அரசி அக்கே கிணற்றடிக்கு வந்தாள். அவள் இடையைச் சுற்றிய மடிப்புகளில் நேற்றைய சூரியன் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. செந்நிற ஊர்தி அவனைக் கொண்டுபோன திசையை அவள் பார்த்தாள். பாதை வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு அவள் கோட்டை வாசலுக்கு வந்து கையை உயர்த்தி முழங்கினாள்: பத் கன்ன!'"

முழக்கத்தை முழக்கமாகவே செய்தேன். மைக் கிறீச்சிட்டது. ஆண்கள் பக்கம் கைத்தட்டல், விசில். பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள்.

வேதமூர்த்தி சார் மெதுவாகக் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்மா. யாரு இது?"

"அரசி அக்கே சார்."

"எந்த அரசி?"

"தூரக்கோள் அரசி சார். நம்ம அரசி." (நம்ம என்று வேறு சொன்னேன்.)

"நான் அரசி யாரையும் எழுதலையேம்மா."

என் கையில் இருந்த புத்தகம் திடீரென்று கனத்தது. அப்போதுதான் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முருகேசன் எழுந்தான்.

"சார், மன்னிக்கணும். அரசி இருந்துச்சு சார். நான் திருப்புல்லாணியில இருந்து சைக்கிள்ல வந்து பாத்தேன். மழை வந்தாக்கூட விட்டதில்ல."

அவ்வளவுதான், ஆண்கள் பக்கம் மளமளவென்று எழுந்துவிட்டது. "நானும் பாத்தேன்!" "வெள்ளச் சீலை!" "கிணத்தடியில நிப்பா சார், செவப்பு பஸ்ஸு வரும்!" டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜமால், பஸ் எப்படித் திரும்பியது என்று கையால் ஓட்டியே காட்டினான்.

பின்வரிசையில் பரமக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "நானும் ஒரு வாரம் விடாமப் பாத்தவன்தான். எங்க வீட்டு டிவில அப்படி ஒரு பொம்பளை வரவே இல்ல."

"உங்களுது கலரா, கருப்பு வெள்ளையா?" என்றான் ஜமால்.

"கருப்பு வெள்ள."

"ஏலே, அதான்! அதுல அரசி எங்கன தெரிவா?"

இந்தத் தர்க்கத்தைப் பாதி மண்டபம் ஏற்றுக்கொண்டது. இயற்பியல் ஆசிரியை நானும் ஏற்றுக்கொண்டேன் என்பதைத் தலைகுனிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.

வேதமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "பஸ் வாடகைக்கு எடுக்க எங்ககிட்ட ஏதும்மா காசு? இட்லித் தட்டையே என் வீட்டுல இருந்துதான் எடுத்துட்டுப் போனேன்..." என்றவர் நிறுத்தினார். எதிரே இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை பேரு சொல்றீங்க. அப்ப நான்தான் மறந்துட்டேன் போல. ஒரு அரசியவே மறந்திருக்கேன். இன்னும் என்னென்ன மறந்தேனோ தெரியலையே."

அவர் விரல்கள் மேசை விரிப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. தொலைத்ததைத் திருப்பித் தரப் போகிறேன் என்று வந்தவள், அந்த மனிதரிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் பெண்கள் பக்கம் பார்த்தேன். அங்கே ஒருவர்கூட எனக்காக எழவில்லை. மாமிமார் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாத்தா துப்பட்டியை வாயில் வைத்து அழுத்தியிருந்தார். தோள் குலுங்கியது.

உம்மா எழுந்தார்.

"போதும்யா, உக்காருங்க எல்லாரும். அந்தப் பெரிய மனுசரப் போட்டுக் குழப்பாதீங்க. அவுக ஒண்ணும் மறக்கல. அது அவுக எழுதினது இல்ல. அது சிலோன் டிவி நாடகம்."

சுள்ளென்று இருந்தது. உம்மாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். உம்மா சின்ன வயதில் அங்கேதான் வளர்ந்தவர். இது எனக்குத் தெரியும். அங்கே பேசும் சிங்களம் அவருக்குத் தெரியும் என்பதும் ஒருவிதத்தில் தெரியும். ஆனால் அதை எங்கள் கூடத்து டிவியோடு முடிச்சுப் போட எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அப்ப காத்துல ஆன்டெனா கடல் பக்கம் திரும்பியிருக்கு உம்மா" என்றேன். மைக் வாய்க்கு நேரே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"காத்து என்னத்தக் கண்டுச்சு? நான்தான் கயித்த இழுத்தேன்."

அடுப்படி ஜன்னலில் கட்டியிருந்த அந்த நீலக் கயிறு கண்முன் வந்து நின்றது. ஒரு பக்கம் டியூப்பும் மறுபக்கம் கயிறும் கட்டினால் எந்தக் கம்பமும் ஆடாமல் நிற்காது, சுற்றத்தான் செய்யும். இதை நான் வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். படம் எல்லாம் போட்டு நடத்துகிறேன்.

கடைசியிலிருந்து காக்கா கேமராவை விட்டுவிட்டு நடுவழி வரை வந்துவிட்டார். "உம்மா, அப்ப நான் மாடியில ஏறி..."

"நீ படியில கால வச்சதும் நான் கயித்த விட்டுருவேன் மவனே. டியூப்பு இழுத்துக்கிரும்."

காக்கா அங்கேயே ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தார். துபாய் வரை நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் கட்டிக் காத்த சிரிப்பு மொத்தமாக உடைந்தது. ஒரு மாமி சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. திரைக்குப் பின்னால் கேட்ட அந்தக் குசுகுசு, உம்மா அவர்களுக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்ன கதை என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

"அப்ப 'பத் கன்ன'ன்னா?" முருகேசன் பலவீனமான குரலில் கேட்டான். அந்த முழக்கத்தோடு அவன் எத்தனை பேரை அடித்திருக்கிறான்.

"சோறு தின்னுன்னு கூப்புடுறா."

என் அகராதியில் எதிரியை அழியுங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் உம்மா மேடையைப் பார்த்துச் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்க நாடகத்தக் கெடுக்கணும்னு இல்ல. இவுக வாப்பா சவுதியில. வாரத்துல ஒருநாள், ஒரு அஞ்சு நிமிசம், நான் வளந்த பாசை காதுல விழுமேன்னுதான். புள்ளைக கிட்டச் சொன்னா மாத்த விட மாட்டாக. அதான் காத்து மேலப் போட்டேன்."

கூடம் நிறைய ஆட்களோடு நாங்கள் வேறொரு கோளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், திரைக்கு அந்தப் பக்கம் உம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்வந்திருக்கிறார்.

வேதமூர்த்தி சார் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமே மாறியிருந்தது. "அப்ப என் மண்டை நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அது சரிம்மா, பஸ்ஸுல போனவன் திரும்பி வந்தானா?"

உம்மா திரும்பிக் காக்காவைப் பார்த்தார்.

"தெரியாதுங்க. கடைசி வாரம் உங்க நாடகமும் முடியிது, அதுவும் முடியிது. காத்து கெடுத்துறக் கூடாதுன்னு எம் மவன் கம்பி வச்சு முறுக்கி ஆன்டெனாவ இறுக்கிக் கட்டிப்புட்டான். நான் இழுத்து இழுத்துப் பாத்தேன். கயிறுதான் அந்து கையோட வந்துச்சு." வெறுங்கையை விரித்துக் காட்டினார். "எனக்கு அவ இன்னம் கிணத்தடியிலதான் நிக்கிறா."

அந்த வாரம் காக்காவை நாங்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். ஒரு வினாடிகூடப் படம் கலங்காத ஒரே வாரம் அது. காக்கா இப்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வேதமூர்த்தி சார் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "மேல வாங்கம்மா. வந்து இங்க உக்காருங்க. எனக்கு முடிவு எழுதித்தான் பழக்கம். சொல்லுங்க, அவன் வரணுமா, வேணாமா?"

விழா அழைப்பிதழில் இல்லாத ஒரு நிகழ்ச்சி அது. உம்மா மேடை ஏறி உட்கார்ந்தார். நான் மைக்கோடு ஓரமாக நகர்ந்தேன். என் விழாவில் எனக்கு அதற்கு மேல் வேலை இல்லை. மாமிமார் முன்னால் சாய்ந்து காத்திருந்தார்கள்.

"வரட்டும்" என்றார் உம்மா. "பெட்டியும் கொடையுமா வரட்டும். ஆனா வந்ததும் கதவத் தெறந்துறக் கூடாது. செத்த நேரம் வெளிய நிக்கட்டும். அவ எத்தன நாளு நின்னா? அவனும் நிக்கட்டும். அப்புறம் தெறக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அது அவ இஷ்டம்."

வேதமூர்த்தி சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பெண்கள் பக்கம் எழுந்த கைத்தட்டலைப் போல அன்று என் பெயருக்கு ஒரு கைத்தட்டலும் எழவில்லை. வாப்பா சவுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் நாட்களில் வாசலில் பெட்டியோடு கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பார். உம்மாவுக்கு அடுப்படியில் என்ன அவ்வளவு வேலை என்று நான் நினைத்ததுண்டு. எனக்கு இப்போதுதான் புரிந்தது.

முதல் பதிப்பைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் கதிரேசனிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வேதமூர்த்தி சாரும் சம்மதிக்கவில்லை. "என் கேப்டன்கிட்ட இல்லாத உசுரு அந்தம்மாகிட்ட இருக்கு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அரசி பேசிய பேச்சும் அவள் கதையும் எங்கிருந்து வந்தன என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஒளிக்காமல் எழுதினோம். கடைசி அத்தியாயத்தை உம்மா சொல்லச் சொல்ல வேதமூர்த்தி சார் போனில் கேட்டு எழுதினார். அதில் செந்நிற ஊர்தி வருகிறது, அவன் இறங்குகிறான், கதவு ஒரு பக்கம் முழுவதும் சாத்தியே இருக்கிறது. அதே பதிப்பில் அகராதியையும் உம்மா திருத்தினார். அதைப் படிக்கிறவர்களுக்குத் தூரக்கோளில் போரே நடக்கவில்லை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள் என்றுதான் தோன்றும்.

காக்கா கடைக்குப் போனால் இப்போதும் பாவமாக இருக்கிறது. கேமராவில் படம் வரவில்லை என்று யாராவது போன் செய்தால் முதல் கேள்வி, "என்ன பாய், உம்மா கயித்த இழுத்துட்டாகளா?" என்பதுதான். கைராசி என்ற சொல்லையே அவர் இப்போது பயன்படுத்துவதில்லை.

போன மாதம் எல்லோரும் கீழக்கரை வீட்டில் கூடியிருந்தோம். காக்காவின் மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அந்தச் சிலோன் நாடகம் இணையத்தில் கிடைத்துவிட்டது, கடைசி பாகம்கூட இருக்கிறது என்றாள். எங்களுக்கெல்லாம் பரபரப்பாகிவிட்டது.

உம்மா கையை மட்டும் ஆட்டினார். "வேணாம் புள்ள. அது அவுக முடிவு. நம்ம முடிவு நம்ம புத்தகத்துல இருக்கு."

"ஒரே ஒரு நிமிசம் பாரு உம்மா" என்று நான் ஆரம்பித்தேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்த ஆளு கடைசில..."

காக்கா ஒரு கையை உயர்த்தி, இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்து, மெதுவாகக் கீழே இழுத்தார். மொத்த வீடும் சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து உம்மாவின் முழக்கம் வந்தது.

"பத் கன்ன!"

போனை அங்கேயே போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து ஓடினோம்.